தென் சென்னைப் புறநகரின் காவல் நிர்வாகம்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பள்ளிக்கரணை, வண்டலூர், கேளம்பாக்கம் ஆகிய ஊர்களும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் இப்போது தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் பொறுப்பில் உள்ளன. இந்த ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்கி வருகிறது. அதற்கு முன்பு இப்பகுதியின் காவல் பொறுப்பு கிராமக் காவல்காரர், மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சென்னைப் புறநகர் ஆணையர், சென்னைப் பெருநகர ஆணையர் என்று பலரிடம் கைமாறியது. இம்மாற்றங்கள் எல்லாம் அரசின் ஆணையாலோ சட்டத்தாலோ நிகழ்ந்தவை. எந்தக் காவல் அமைப்பு வேண்டும் என்று உள்ளூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் அமெரிக்காவின் சில மாநிலங்களில் உண்டு. இந்தியாவில் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கிராமக் காவலும் கம்பெனி ஆட்சியும்

இன்றைய தாம்பரம் வட்டாரம் பழைய செங்கல்பட்டுச் சீமையின் ஒரு பகுதி. 1763இல் ஆற்காடு நவாபு இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அப்போது ஊர்க்காவல் என்பது ஊரின் விளைச்சலோடு பிணைந்திருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பு, செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களில் அறுவடையிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதைப் பதிவு செய்தது. கோயில், கணக்கப்பிள்ளை, தச்சர், கொல்லர், வண்ணார் ஆகியோரோடு காவல் பொறுப்பிலிருந்தோருக்கும் பாளையக்காரருக்கும் அதில் பங்கு இருந்தது. நெல் களத்தை விட்டு வீட்டுக்குப் போகும் முன்பே அந்தப் பங்கு அளந்து தரப்பட்டது.

புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டிய சென்னைப் பட்டணத்திலும் காவல் பரம்பரை உரிமையாகவே தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் பெத்த நாயக்கர் என்ற பட்டம் கொண்டவர் தம் தலையாரிகளைக் கொண்டு பட்டணத்தைக் காத்தார். அதற்கு ஈடாக நிலமும் சில வரிகளும் அவருக்குக் கிடைத்தன. களவு போன பொருளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதை ஈடுகட்டும் பொறுப்பும் அவருடையதே. பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் அந்தப் பதவியை இன்றும் நினைவூட்டுகிறது.

1726ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி சென்னையில் மேயர் நீதிமன்றம் ஏற்பட்டபோது ஷெரீப் என்ற பதவியும் உடன் வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த இந்தப் பதவி அமெரிக்கக் கவுன்டிகளில் காவல் தலைமையாக வளர்ந்தது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஷெரீப்பை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையில் ஆளுநரும் கவுன்சிலும் ஆண்டுக்கு ஒருவரை ஷெரீப்பாகத் தேர்ந்தெடுத்தனர். நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவது அவருடைய வேலை. ஊர்க்காவல் அவர் கைக்கு வரவே இல்லை. காலப்போக்கில் அது நகரப் பிரமுகர் ஒருவருக்கு அளிக்கப்படும் கௌரவப் பதவியாகச் சுருங்கி, 1998இல் நீக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தின் கிராமப்புறங்களில் 1802இல் தாரோகா என்ற காவல் அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். அந்த முறை எடுபடவில்லை. 1816இல் பிறப்பிக்கப்பட்ட 11ஆம் ஒழுங்குமுறை தாரோகாக்களை நீக்கிவிட்டு, காவல் பொறுப்பைக் கிராமத் தலைவர், தாசில்தார், கலெக்டர் என்ற வருவாய்த் துறை வரிசையிடம் ஒப்படைத்தது. கிராமத் தலையாரி அந்த வரிசையின் கடைசிப் படி. இதனால் வரி வசூலிப்பவரும் குற்றவாளியைப் பிடிப்பவரும் ஒருவரே ஆனார். வரி பாக்கிக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் குடிமக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற புகார் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்றது. அதை விசாரித்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் தன் அறிக்கையை அளித்து, புகார் உண்மை என்று கண்டது. வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்தெடுக்கும் சட்டங்களுக்கு அந்த அறிக்கை வழிவகுத்தது.

இரு சட்டங்கள், இரு காவல்கள்

1856ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று தலைநகரங்களின் காவலை ஆணையர்களின் கீழ்க் கொண்டுவந்தது. சென்னையின் முதல் காவல் ஆணையராக லெப்டினன்ட் கர்னல் ஜே. சி. போல்டர்சன் பொறுப்பேற்றார். நகரத்துக்கு வெளியே உள்ள மாவட்டங்களுக்கு 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வந்தது. சென்னை மாவட்டக் காவல் சட்டம் எனப்படும் அதன்படி மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்பாளர், அவர்களுக்கு மேல் மாகாணத் தலைமை அதிகாரி என்ற அமைப்பு உருவாயிற்று. முதல் தலைமை அதிகாரி வில்லியம் ராபின்சன். நகரத்துக்கான விதிகள் 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டத்தில் தொகுக்கப்பட்டன. இவ்விரு சட்டங்களும் பல திருத்தங்களோடு சுதந்திரத்துக்குப் பின்னும் தொடர்ந்தன.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு, நிர்வாக நடுவர் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாவட்டத்தில் குற்றத்தைத் தடுப்பதும் விசாரிப்பதும் கண்காணிப்பாளரின் வேலை. தடையுத்தரவு போடுவதும், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும், துப்பாக்கி உரிமம் தருவதும் ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் ஆகியோரின் அதிகாரம். ஆணையரக நகரத்தில் இவற்றில் பெரும்பகுதி காவல் ஆணையரிடமே வந்துவிடுகிறது. குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாடு சட்டத்தின்படி ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க மாவட்டத்தில் ஆட்சியர் கையெழுத்திடுகிறார். ஆணையரக எல்லைக்குள் அந்தக் கையெழுத்து ஆணையருடையது. ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஆணையருக்கு அளிக்கிறது.

ஆணையர் முறையை ஆதரிப்போர், கலவரமோ பெருங்கூட்டமோ நேரும்போது முடிவெடுக்க இன்னொரு அலுவலகத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கின்றனர். எதிர்ப்போர், கைது செய்பவரே நடுவராகவும் இருக்கலாகாது என்கின்றனர். தமிழ்நாட்டில் 2013, 2014 ஆண்டுகளின் அரசாணைகள் துணை ஆணையர்களை நிர்வாக நடுவர்களாக்கி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107 முதல் 110 வரையான பிரிவுகளின்படி பிணைப் பத்திரம் வாங்கும் அதிகாரத்தை அளித்திருந்தன. இது அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கு முரணானது என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் அந்த அரசாணைகளை ரத்து செய்தது.

மாவட்டக் காவலில் தாம்பரம்

சென்னை நகரக் காவல் உருவானபோது தாம்பரம் அதன் எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தது. 1946 வரை சைதாப்பேட்டைகூட நகர எல்லைக்குள் வரவில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரின் அலுவலகம் நீண்ட காலம் சைதாப்பேட்டையிலேயே இருந்தது. தாம்பரமும் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். எனவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்பகுதிக்குச் செங்கல்பட்டு மாவட்டக் காவலே பொறுப்பு. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ராணுவப் பாசறை நகரியம் இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஊரின் இயல்பு மாறியது. 1928இல் காசநோய் மருத்துவமனை வந்தது. இன்றும் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. பின்னர் விமானப்படைத் தளமும், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும், குரோம்பேட்டையின் தோல் தொழிற்சாலைகளும், பல்லாவரத்தின் கல்குவாரிகளும் சேர்ந்து மக்களைக் கூட்டின. 1964இல் தாம்பரம் நகராட்சியானது. ரயிலில் காலையில் சென்னைக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பங்கள் பெருகின. பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், தனித்தனியே நின்ற புது நகர்களும் திருட்டுக்கு வாய்ப்பாயின. கிராமங்களை மனத்தில் வைத்து அமைந்த காவல் நிலையங்களுக்கு இந்த வளர்ச்சி பெரும் சுமையாயிற்று.

1980இல் தமிழ்நாடு அரசு மணியக்காரர், கர்ணம் ஆகிய பரம்பரைப் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. 1816 முதல் கிராமத் தலைவரிடம் எஞ்சியிருந்த காவல் தொடர்பும் அதோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. 1997இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது.

இதற்கிடையே ஆணையர் முறை சென்னைக்கு வெளியிலும் பரவியது. தேசியக் காவல் ஆணையம் 1979 முதல் 1981 வரை அளித்த அறிக்கைகளில், 5 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு இம்முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1990இல் மதுரையும் கோயம்புத்தூரும், 1997இல் சேலம், திருச்சி, திருநெல்வேலியும் ஆணையரகங்கள் ஆயின. திருப்பூர் பின்னர் சேர்ந்தது. இந்நகரங்களுக்குச் சென்னை நகரக் காவல் சட்டம் நீட்டிக்கப்பட்டது. இவை எல்லாம் தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள தனி நகரங்கள். சென்னையோடு ஒட்டி வளர்ந்த புறநகருக்கு என்ன முறை பொருந்தும் என்ற கேள்விக்கு விடை அப்போது எட்டப்படவில்லை.

புறநகர் ஆணையரகம், 2008–2011

2008இல் அன்றைய தி.மு.க. அரசு சென்னைப் புறநகருக்கென்று தனிக் காவல் ஆணையரகத்தை ஏற்படுத்தியது. எஸ். ஆர். ஜாங்கிட் அதன் ஆணையரானார். அதன் தலைமை இடம் பரங்கிமலை. தெற்கே தாம்பரத்திலிருந்து வடமேற்கே அம்பத்தூர், மாதவரம் வரை, நகரைச் சுற்றி வளைந்து கிடந்த பகுதி அதன் எல்லைக்குள் வந்தது. அந்த ஆண்டுகளில்தான் பழைய மாமல்லபுரம் சாலை ஆறு வழித் தகவல் தொழில்நுட்பச் சாலையாக மாறியது. சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் ஓரமாக அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. இரவுப் பணி முடிந்து திரும்பும் ஊழியர்களின் பாதுகாப்பு புதியதொரு காவல் பணியாயிற்று.

சென்னைக்குள் கூவம், அடையாறு கரையோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும் மறுகுடியமர்வு நடந்தது. வேலையும் பள்ளியும் பழைய இடத்தில் இருக்க, வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி அமைந்த இந்தக் குடியிருப்புகளில் காவல் நிலையம் பள்ளி, பேருந்து, குடிநீர் ஆகியவற்றோடு சேர்ந்த அடிப்படைத் தேவையாயிற்று.

புறநகர் ஆணையரகம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. அ.தி.மு.க. அரசு அந்த ஆண்டே புறநகர் ஆணையரகத்தைச் சென்னை நகரக் காவலுடன் இணைத்தது.

பெருநகரக் காவலின் கீழ், 2011–2021

2011இல் சென்னை மாநகராட்சியும் விரிந்தது. 176 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு 426 சதுர கிலோமீட்டராயிற்று. பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர், பெருங்குடி போன்றவை மாநகராட்சிக்குள் வந்தன. தாம்பரமும் பல்லாவரமும் தனி நகராட்சிகளாகவே நீடித்தன. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பல்லாவரத்தில் 2,15,417 பேரும் தாம்பரத்தில் 1,74,787 பேரும் இருந்தனர்.

காவல் எல்லை மாநகராட்சி எல்லையைத் தாண்டிப் போயிற்று. நகராட்சியாக இருந்தும் தாம்பரத்தின் காவல் நிலையம் சென்னை ஆணையரின் கீழ் இயங்கியது. சென்னை நகர நிலையங்களுக்குரிய எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறிகளைப் புறநகர் நிலையங்களும் சுமந்தன. பல்லாவரம் எஸ்-5, தாம்பரம் எஸ்-11, குரோம்பேட்டை எஸ்-13, சேலையூர் எஸ்-15 என்று அவை அறியப்பட்டன. குற்றச் செய்திகளிலும் நிலையங்களின் பெயர்ப் பலகைகளிலும் இக்குறிகள் வழக்கமாயின.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் வரை ஆணையர் எல்லை. வண்டலூரை எட்டினால் மாவட்டக் கண்காணிப்பாளர் எல்லை. பேச்சு வழக்கில் இவை கமிஷனர் லிமிட், எஸ்.பி. லிமிட் எனப்பட்டன. இடையில் உள்ள தூரம் சில நிமிடப் பயணம். சாலையின் இருபுறமும் ஒரே மாதிரியான அடுக்குமாடிகள். ஆனால் பீர்க்கன்காரணை நிலையத்தின் மேலதிகாரி எழும்பூரிலும், 2013க்குப் பின் வேப்பேரியிலும் இருந்த சென்னை ஆணையர். வண்டலூர்ப் பக்கத்து ஓட்டேரி நிலையத்தின் மேலதிகாரி காஞ்சிபுரத்திலிருந்த கண்காணிப்பாளர். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமான பின் அவர் இடம் செங்கல்பட்டாயிற்று. எல்லைக்கோட்டின் மேல் நடந்த விபத்திலும் வழிப்பறியிலும் யார் வழக்குப் பதிவது என்ற கேள்வி எழுவது இயல்பாயிற்று.

இதே பத்தாண்டில் காவலுக்குக் குடியிருப்போரின் பங்களிப்பு வேறு வடிவம் பெற்றது. சென்னை ஆணையராக ஏ. கே. விஸ்வநாதன் இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கண்காணிப்புக் கேமராக்கள் பரவலாகப் பொருத்தப்பட்டன. குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர்களும் இதற்குப் பணம் அளித்தனர். மாநில அளவில் மற்றொரு முயற்சி காவல் நண்பர்கள் அமைப்பு. 1993இல் ராமநாதபுரத்தில் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய அந்தத் திட்டத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் உதவினர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த பின், அந்த அமைப்பின் பணி மாநிலம் முழுதும் நிறுத்தப்பட்டது.

தாம்பரம் ஆணையரகம்

2021 மே மாதம் மீண்டும் ஆட்சி மாறியது. செப்டம்பர் 13 அன்று காவல் துறை மானியக் கோரிக்கையின்போது, தாம்பரத்திலும் ஆவடியிலும் புதிய காவல் ஆணையரகங்கள் அமையும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் இரு மூத்த அதிகாரிகள் சிறப்பு அலுவலர்களாக நியமிக்கப்பட்டனர். தாம்பரத்துக்கு எம். ரவி, ஆவடிக்குச் சந்தீப் ராய் ரத்தோர். 2022 ஜனவரி 1 அன்று இரண்டும் தொடங்கி வைக்கப்பட்டபோது அவர்களே முதல் ஆணையர்களாயினர். ரவிக்குப் பின் ஏ. அமல்ராஜும், 2024இல் அபின் தினேஷ் மோதக்கும் தாம்பரத்தின் ஆணையர்களாக வந்தனர்.

பிரிவினைக்குப் பின் சென்னைப் பெருநகரக் காவலுக்கு 104 நிலையங்களும், ஆவடிக்கு 25 நிலையங்களும், தாம்பரத்துக்கு 20 நிலையங்களும் ஒதுக்கப்பட்டன. தாம்பரத்தின் நிலையங்கள் மூன்று இடங்களிலிருந்து வந்தவை. தாம்பரம், பல்லாவரம், பள்ளிக்கரணை, கண்ணகி நகர் முதலியவை சென்னைக் காவலிலிருந்து பிரிந்தவை. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், கேளம்பாக்கம், தாழம்பூர், ஓட்டேரி ஆகியவை செங்கல்பட்டு மாவட்டக் காவலிலிருந்து வந்தன. மணிமங்கலம், சோமங்கலம், ஒரகடம் ஆகியவை காஞ்சிபுரம் மாவட்டக் காவலிலிருந்து வந்தன. நிலையங்கள் தாம்பரம், பள்ளிக்கரணை என்ற இரு காவல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு துணை ஆணையரிடம் விடப்பட்டது. ஆணையர் அலுவலகம் தாம்பரத்தில் அமையவில்லை. சோழிங்கநல்லூரில் இயங்கத் தொடங்கியது.

ஆணையரகம் வந்ததால் வண்டலூரில் இருந்த பழைய எல்லைக்கோடு மறைந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் கூட்டத்தையும் நெரிசலையும் ஒழுங்குபடுத்தும் வேலை இதனால் கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் காவலின் எல்லைக்கு நகர்ந்தது. பெருங்களத்தூர் முதல் கூடுவாஞ்சேரி வரை சாலை ஒரே ஆணையரின் கீழ் இருப்பது இவ்வேலைக்கு உதவுகிறது.

ஒன்றோடொன்று பொருந்தாத எல்லைகள்

காவல் ஆணையரகம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. மாநகராட்சிக்கு 70 வார்டுகள். 2022 தேர்தலுக்குப் பின் க. வசந்தகுமாரி முதல் மேயரானார்.

பெயர் ஒன்றாயினும் மாநகராட்சியும் ஆணையரகமும் ஒரே பரப்பை ஆளவில்லை. ஆணையரகத்தின் எல்லை மாநகராட்சியைவிடப் பலமடங்கு பெரியது. அதற்குள் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய மூன்று வருவாய் மாவட்டங்களின் பகுதிகள் உள்ளன. கண்ணகி நகரில் வசிப்பவர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சியிடம் கட்டுகிறார். அவருடைய ஆட்சியர் சென்னை மாவட்ட ஆட்சியர். திருட்டுப் புகார் கொடுக்க அவர் போகும் நிலையமோ தாம்பரம் ஆணையரின் கீழ் உள்ளது. ஒரகடத்தில் தொழிற்சாலை நடத்துபவர் நிலம் தொடர்பாகக் காஞ்சிபுரத்துக்கும், ஊர்வல அனுமதி தொடர்பாகத் தாம்பரம் காவலுக்கும் விண்ணப்பிக்கிறார்.

எல்லை தெரியாமல் புகார்தாரர் அலைவது இந்தியா முழுதும் உள்ள குறை. 'இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க' என்ற பதில் புறநகரில் பலரும் கேட்டுப் பழகியது. புகார் பெற்றதற்கு அடையாளமாகத் தமிழ்நாட்டில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீதுகூட, எந்த நிலையத்துக்குரியது என்று தீர்ந்த பின்பே கிடைப்பது வழக்கமாக இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் நடந்த இடம் எதுவாயினும் எந்த நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று அறியப்பட்ட வழக்கத்துக்கு இதனால் சட்ட வடிவம் கிடைத்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பகுதியைப் பெருநகரப் பகுதி என்று அறிவிக்கும் பழைய சட்டத்தின் 8ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

மக்களின் வாக்கும் காவல் அமைப்பும்

அமெரிக்காவில் கவுன்டி என்ற உள்ளூர் ஆட்சிப் பிரிவுக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரீப் இருப்பார். சில கவுன்டிகள் அவரைத் தவிரத் தனியாகக் காவல் துறையையும் வைத்துள்ளன. எது நீடிக்க வேண்டும் என்பது அவ்வப்போது வாக்குச் சீட்டுக்கு வருகிறது. விர்ஜீனியா மாநிலத்தில் கவுன்டி ஒன்று புதிதாகக் காவல் துறை அமைக்க வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். ஜார்ஜியா மாநிலத்தின் கிளின் கவுன்டியில், காவல் துறையைக் கலைத்துப் பொறுப்பை ஷெரீப்பிடம் தருவது பற்றி 2020இல் வாக்கெடுப்பு நடத்த மாநிலச் சட்டமன்றம் வழிசெய்தது. நீதிமன்றம் குறுக்கிட்டதால் அது நடக்கவில்லை. மினியாபொலிஸ் நகரத்தில் காவல் துறைக்குப் பதிலாகப் பொதுப் பாதுகாப்புத் துறை அமைக்கும் யோசனையை 2021 நவம்பர் 2 வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 முதல் காவல், குற்றத் தடுப்பு ஆணையர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கின்றனர்.

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு பொருள்கள் பொது ஒழுங்கும் காவலும்தான். எனவே முடிவு மாநில அரசின் கையில் உள்ளது. 74ஆம் திருத்தத்தின் வழியே நகராட்சிகளுக்குரியவை என்று பன்னிரண்டாம் அட்டவணை குறிக்கும் 18 பணிகளில் தீயணைப்பு இருக்கிறது, காவல் இல்லை. ஊராட்சிகளுக்குரிய பதினொன்றாம் அட்டவணையிலும் காவல் இல்லை. கிராம சபையோ மாநகராட்சி மன்றமோ புறக்காவல் நிலையம் வேண்டும் என்று தீர்மானம் போடலாம். அது கோரிக்கை மட்டுமே, அரசைக் கட்டுப்படுத்தாது. தாம்பரத்தில் மேயருக்கு ஆணையர் மீது எந்த அதிகாரமும் இல்லை.

ஆயினும் தென் சென்னைப் புறநகரின் காவல் வரைபடம் தேர்தலோடு தொடர்பற்றது அல்ல. 2006 தேர்தலில் வந்த அரசு 2008இல் புறநகர் ஆணையரகத்தை அமைத்தது. 2011இல் வந்த அரசு அதை இணைத்தது. 2021இல் வந்த அரசு மீண்டும் பிரித்தது. ஒவ்வொரு முறையும் சட்டமன்றத் தேர்தலின் முடிவே காவல் எல்லையை மாற்றும் வாய்ப்பைத் திறந்தது. ஆனால் எந்தத் தேர்தலிலும் இக்கேள்வி தனியாக வாக்காளர் முன் வைக்கப்படவில்லை.

இப்போக்கு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஹைதராபாதின் புறநகருக்கு 2003இல் சைபராபாத் ஆணையரகம் உருவாயிற்று. 2016இல் அதிலிருந்து ராச்சகொண்டா பிரிந்தது. உத்தரப் பிரதேசம் 2020 ஜனவரியில் லக்னோவிலும் நொய்டாவிலும் ஆணையர் முறையைக் கொண்டுவந்தது. அங்கும் முடிவெடுத்தவை மாநில அரசுகளே. காவலை அரசியல் தலையீட்டிலிருந்து விலக்கி வைக்க உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் ஏழு நெறிமுறைகளை விதித்தது. மாநிலப் பாதுகாப்பு ஆணையமும் காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்புகளும் அவற்றில் அடங்கும். இவற்றையொட்டித் தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. காவல் எல்லைகளை யார் வரைவது என்பதை அந்தத் தீர்ப்போ அந்தச் சட்டமோ மாற்றவில்லை. அது மாநில அரசிடமே உள்ளது.